வண்டியைத் தாங்கும் காற்று

மோட்டார் காரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மக்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவர். வேகத்தைப் பற்றிப் பேசுவர். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பர். வண்ணத்தையும் இருக்கையையும் புகழ்வர். டயரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அது கறுப்பாக இருக்கிறது, வட்டமாக இருக்கிறது, உருளுகிறது. அதற்கு மேல் எண்ணிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்பது பலருடைய நினைப்பு. ஆனால் எஞ்சினின் ஆற்றல் சாலையைச் சென்று அடைவது டயரின் வழியாகத்தான். பிரேக்கின் பிடியும், ஸ்டியரிங்கின் கட்டளையும் சாலையை அடைவது அதே வழியாகத்தான். டயர் ஒத்துழைக்க மறுத்துவிட்டால், மற்ற உறுப்புகள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை.

குளிர்கால விடுமுறை நெருங்கிக்கொண்டிருக்கிறது. நம் சங்கத்து நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு, ஆக்ராவுக்கும் மதுராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் புறப்படும் காலம் இது. ஓட்டுநரோடு கார் எடுப்போரும் உண்டு. தாமே ஓட்டிச் செல்வோரும் உண்டு. ஊரில் நம்மை எதிர்பார்த்திருக்கும் பெற்றோருக்கு இந்தப் பயணங்கள் பல வேளைகளில் தெரியவே தெரியா. எனவே, பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில், பாடப் புத்தகத்தில் நாம் படித்துவிட்டு மறந்த சில விதிகள் இப்பயணங்களில் எவ்வாறு நம்முடன் சேர்ந்து உருளுகின்றன என்பதை விளக்க விரும்புகிறேன். நான் கூற வருவது ஒன்றே: டயரின் குறை கண்ணுக்குத் தெரியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

தாங்குவது எது?

காரைத் தாங்குவது எது என்று கேட்டால், டயர் என்றோ ரப்பர் என்றோ விடை வரும். அவ்விடை பெரும்பாலும் தவறு. காற்றை முழுவதும் இறக்கிவிட்டால் அந்த ரப்பர் காரின் எடையில் நசுங்கித் தரையோடு படிந்துவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும், அதனுள் பதிந்துள்ள நூலிழைகளும் எஃகுக் கம்பிகளும் அந்தக் காற்றைச் சிதறவிடாமல் பிடித்துவைத்திருக்கும் பை மட்டுமே.

காற்றின் மேல் ஏறிச் செல்லலாம் என்ற எண்ணம் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து நாட்டவருக்கு 1845-லேயே தோன்றியது. அவர் அதற்கு உரிமம் பெற்றார். எனினும் உலகம் அதனை மறந்துவிட்டது. பிறகு 1888-இல், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓடவேண்டும் என்பதற்காகக் காற்றடைத்த டயரை மீண்டும் படைத்தார். இன்று உலகில் ஓடும் கோடிக்கணக்கான வண்டிகள் அந்தச் சிறுவனின் சைக்கிளுக்குக் கடன்பட்டவை.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து ஒரு சிறிய காரின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயர்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் பங்கும் 300 கிலோ. டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு அழுத்தம் இருக்கிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு கிடைக்கும். அது ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர். நம் நாட்டுத் தபால் கார்டின் நீளம் 14 சென்டிமீட்டர், அகலம் 9 சென்டிமீட்டர். அதன் பரப்பு 126. ஆகவே, ஒரு டயர் எந்த நொடியிலும் தரையைத் தொடும் இடம் ஒரு தபால் கார்டு அளவுதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து உயிர்களைச் சுமந்து செல்லும் கார், நான்கு தபால் கார்டுகளின் மேல் நிற்கிறது. அந்த நான்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு நமக்கு இல்லையா?

குளிரால் குறையும் அழுத்தம்

பஞ்சர் ஆனால்தானே காற்று குறையும் என்று கேட்கலாம். அப்படி அன்று. டயருக்குள் உள்ள காற்று இரண்டு வழிகளில் ஓசையின்றி வலிமை இழக்கிறது.

முதல் வழி, கசிவு. ரப்பர் நம் கண்ணுக்கு ஓட்டையற்றதாகத் தோன்றினாலும் காற்றின் மூலக்கூறுகளுக்கு அது முழுத் தடை அன்று. அவை ரப்பரின் ஊடே மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. குறையற்ற நல்ல டயரிலேயே மாதத்துக்கு ஒரு பவுண்டு அளவு அழுத்தம் இவ்வாறு குறைவது இயல்பு.

இரண்டாவது வழி, குளிர். அடைபட்ட வாயுவின் கன அளவு மாறாதபோது, அதன் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நாம் பள்ளியிலே படித்த விதி. சென்னையில் வாழ்பவருக்கு இவ்விதியால் பெரிய தொல்லை இல்லை. அங்கே கோடைக்கும் மார்கழிக்கும் இடையிலான வேறுபாடு சிறிது. டில்லியின் நிலை வேறு. இங்கே செப்டம்பர் பிற்பகலில் 35 டிகிரி இருக்கும். ஜனவரி விடியற்காலையில் 5 டிகிரிக்கும் இறங்கும்.

செப்டம்பரில் ஒருவர் தம் கார் டயரில் 33 பவுண்டு காற்று அடைத்தார் என்று கொள்வோம். அழுத்தமானி காட்டும் எண், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவு மட்டுமே. வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் கூட்டினால் உண்மையான அழுத்தம் 47.7. இனி 35 டிகிரி என்பது தனி வெப்பநிலையில் 308. 5 டிகிரி என்பது 278. எனவே 47.7-ஐ 278-ஆல் பெருக்கி 308-ஆல் வகுத்தால் 43.1 கிடைக்கும். அதிலிருந்து வெளிக்காற்றின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 28.4. ஓர் ஆணியும் குத்தவில்லை, வால்வில் பழுதில்லை, ஆயினும் நான்கரைப் பவுண்டு குறைந்துவிட்டது. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதனோடு நான்கு மாதக் கசிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் 33 ஆக இருந்தது ஜனவரியில் 24 அல்லது 25 ஆகிவிடும். நாலில் ஒரு பங்கு போயிற்று. அந்த ஜனவரியில்தான் நாம் ஆக்ராவுக்குப் புறப்படுகிறோம்.

இத்துணை குறைந்தது கண்ணுக்குத் தெரியாதா? தெரியாது. இக்காலத்து ரேடியல் டயரின் பக்கச் சுவர் மெல்லியது. சரியான அழுத்தம் இருக்கும்போதே அடியில் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். 33-க்கும் 25-க்கும் உள்ள வேறுபாட்டை, பழகிய கண்ணும் தவறவிடும். காலால் உதைத்துப் பார்ப்பதும் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதும் மன ஆறுதலுக்கு உதவலாம், அளவுக்கு உதவா.

வளைவும் வெப்பமும்

காற்று சற்றுக் குறைந்தால்தான் என்ன? வண்டி ஓடத்தானே செய்கிறது? இங்கேதான் அபாயத்தின் வேர் இருக்கிறது.

ஓர் இரும்புக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளையுங்கள். வளைத்த இடத்தைத் தொட்டால் சுடும். இன்னும் வளைத்தால் முறியும். டயரிலும் இதுவே நிகழ்கிறது. டயரின் எந்தப் பகுதி தரைக்கு வருகிறதோ அது நசுங்குகிறது. தரையை விட்டு நீங்கியதும் நிமிர்கிறது. ரப்பரை நசுக்குவதற்குச் செலவான ஆற்றல் முழுவதும், அது நிமிரும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகி டயருக்குள்ளேயே தங்குகிறது. காற்று குறையக் குறைய நசுங்கல் மிகுகிறது. நசுங்கல் மிகுந்தால் வெப்பம் மிகுகிறது.

எத்தனை முறை நசுங்குகிறது என்று பார்ப்போம். சிறிய கார் ஒன்றின் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நொடிக்கு 15 முறை சுழலுகிறது. டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச் சாலையின் நீளம் 165 கிலோமீட்டர். அதை ஒருமுறை கடப்பதற்குள் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 90,000 முறை நசுங்கி நிமிர்ந்துவிடும். நகரத்துக்குள் ஓடும் காருக்குச் சிவப்பு விளக்கிலும் நெரிசலிலும் ஓய்வு கிடைக்கிறது, டயர் ஆறுகிறது. விரைவுச் சாலையில் அந்த ஓய்வு இல்லை. உண்டாகும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தைவிட மிகுதியாகி, டயர் சூடேறிக்கொண்டே போகிறது.

டயரின் தரைப்பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன பட்டைகள் இருக்கின்றன. அவற்றை ரப்பரோடு பிணைத்திருக்கும் பிடிப்பு வெப்பத்தால் தளர்கிறது. தளர்ந்த பிடிப்பு ஓரிடத்தில் விட்டால், மேற்பகுதி தோல் உரிவதுபோல் உரிந்துவிடுகிறது. அல்லது பக்கச் சுவர் கிழிந்து டயர் வெடிக்கிறது. இதை அந்தச் சிமெண்டுச் சாலையின் குற்றம் என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். சாலை எதுவாயினும், குறைந்த காற்றும், மிகுந்த பாரமும், ஓயாத வேகமும் ஒன்றுசேர்ந்தால் டயர் தாங்காது. இந்த மூன்றும் நம் கையில் உள்ளவை.

இரட்டைச் சக்கரமும் இரும்புக் கம்பியும்

என் தாய்மாமன் நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். டில்லிக்குப் பாரம் ஏற்றி வரும்போதெல்லாம் எனக்குத் தகவல் சொல்லுவார். நானும் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகருக்குச் சென்று அவரைப் பார்த்து, அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை வாங்கி வருவேன். லாரியை நிறுத்தியதும் அவர் முதலில் செய்யும் வேலை, ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு எல்லாச் சக்கரங்களையும் தட்டிக்கொண்டே சுற்றி வருவதுதான். காற்று நிறைந்த டயர் கம்பியைத் துள்ளச் செய்து 'டங்' என்று ஒலிக்கும். காற்று போன டயர் 'தொப்' என்று அடங்கும்.

"வெளிச் சக்கரம் நல்லாத்தானே இருக்குதுங்க மாமா, உள்ளே விட்டு எதுக்குத் தட்டறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளியில இருக்கறது கண்ணுக்குத் தெரியுது கண்ணு. உள்சக்கரம் செத்துப்போச்சுன்னா யாருக்குத் தெரியும்? அப்புறம் அதோட பாரத்தையும் வெளிச் சக்கரமே சுமக்கோணும். ரெண்டாள் சுமையை ஓராள் எத்தனை தூரம் சுமப்பான்?"

"அப்போ அழுத்தமானி வேண்டாமுங்களா?"

"காலையில பொறப்படறப்ப அழுத்தமானி, வழியில நிக்கற பக்கமெல்லாம் கம்பி. ஒண்ணு இருக்குதுன்னு இன்னொண்ணை விட்டறக் கூடாது."

பௌதிகப் புத்தகம் எதையும் படிக்காத அவர் கூறியது முழு உண்மை என்பதை, உலகறிந்த ஒரு பெருவிபத்து காட்டுகிறது. 1991-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், ஹஜ் யாத்திரை முடித்த நைஜீரிய மக்களை ஏற்றிக்கொண்டு டி.சி.8 வகை விமானம் ஒன்று ஜித்தா நகரிலிருந்து புறப்பட்டது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட விமானம் அது. அதன் டயர்களில் இரண்டில் அழுத்தம் குறைந்திருந்தது. பழுதுபார்ப்போருக்கு அது முன்னரே தெரியும். நிரப்புவதற்கு வேண்டிய நைட்ரஜன் உடனே கிடைக்கவில்லை. காலதாமதத்துக்கு மேலாளர் உடன்படவில்லை. விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும்போதே, குறைந்த டயரின் பாரம் அதே அச்சில் இருந்த நல்ல டயரின் மேல் விழுந்தது. மிகையாக வளைந்து சூடேறிய அந்த நல்ல டயர், விமானம் விரையத் தொடங்கியவுடன் வெடித்தது. அடுத்து அதன் துணையும் வெடித்தது. சுழலாமல் நின்றுபோன சக்கரம் ஓடுபாதையில் உராய்ந்து தீப்பற்றியது. அந்தத் தீயோடு விமானம் மேலெழுந்தது. திரும்பி வந்து இறங்குமுன் வீழ்ந்தது. அதில் இருந்த 261 பேரும் மாண்டனர்.

கார்களில் இரட்டைச் சக்கரம் இல்லை. எனினும் பாடம் ஒன்றே. தான் தாங்கவேண்டிய பாரத்துக்கு ஏற்ற காற்று இல்லாத டயர், மிகையாக வளைந்து சூடேறித்தான் அழியும். ஐவர் அமரும் காரில் எழுவரும் அவர்தம் மூட்டைகளும் ஏறும்போது, குறைந்த டயருக்கு இரட்டைத் தண்டனை கிடைக்கிறது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில், ஓடும்போது மேற்பகுதி உரிந்துபோகும் குறை காரணமாக ஃபயர்ஸ்டோன் டயர்கள் பல லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அவற்றோடு தொடர்புள்ள விபத்துகளில் இருநூறு பேருக்கு மேல் இறந்தனர். அதே ஆண்டில் அந்நாடு இயற்றிய சட்டத்தின் விளைவாகவே, டயரில் காற்று குறைந்தால் ஓட்டுநரின் முன்னே விளக்கு எரியும் கருவி அங்கே புதுக் கார்கள் அனைத்திலும் கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் பல கார்களில் அக்கருவி வருகிறது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அந்த அமெரிக்க விதிப்படி, காற்று நூற்றுக்கு 25 பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33 பவுண்டு டயரில் அது ஏறத்தாழ 25-க்கு இறங்கும் வரை விளக்கு வாய் திறவாமல் இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பது எல்லாம் நலம் என்று பொருள்படாது.

மழையும் டயரின் பள்ளங்களும்

டயரின் மேல் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மழைக்காலத்தில் டயருக்கும் சாலைக்கும் இடையில் சிக்கும் நீர் வெளியேறுவதற்கு உரிய வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் தூர்ந்துபோனால் நீர் எங்கே செல்லும்? டயரின் முன்னே ஆப்புப்போல் நின்று, டயரையே தரையிலிருந்து தூக்கிவிடும். அப்போது கார் சாலையில் ஓடுவதை விட்டு நீரில் மிதக்கிறது. பிரேக்கும் கேளாது, ஸ்டியரிங்கும் கேளாது.

அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் 1960-களில் விமான டயர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்து ஓர் எளிய சூத்திரம் கண்டனர். டயரின் அழுத்தத்தைப் பவுண்டில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். 33 பவுண்டு அழுத்தத்துக்கு அது 96. 24 பவுண்டுக்கு 82. கார் டயரின் அமைப்புக்கும் நீரின் ஆழத்துக்கும் ஏற்ப இவ்வெண்கள் மாறும். ஆனால் காற்று குறைந்தால் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும் என்ற போக்கு மாறாது. தேய்ந்த டயரில் காற்றும் குறைந்திருந்தால் நிலைமை என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டு மோட்டார் விதிகளின்படி காரின் டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. இதை அறிய அளவுகோல் வேண்டியதில்லை. பள்ளங்களுக்கு உள்ளே ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் குறுக்கே இருப்பதைக் காணலாம். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

தேய்ந்த விதமும் நமக்குச் செய்தி கூறும். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நின்றால், நெடுங்காலம் குறைந்த காற்றில் ஓடிய டயர் அது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்மை கெட்டிருக்கிறது.

தவறான சில நம்பிக்கைகள்

கோடையில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்து வைக்கவேண்டும் என்பது இங்குள்ள ஓட்டுநர் பலரின் நம்பிக்கை. மேலே கண்டபடி, குறைந்த காற்றே வெப்பத்தை வளர்க்கிறது. கோடைக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ப அழுத்தம் சில பவுண்டு உயரும் என்பதை டயர் செய்வோர் முன்னரே கணக்கில் கொண்டுதான் அளவை வகுத்திருக்கின்றனர். ஓடி வந்த சூட்டில் எண் உயர்ந்திருப்பதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவது பெருந்தவறு. ஆறியதும் அந்த டயர் குறையுள்ள டயராகிவிடும்.

நைட்ரஜன் நிரப்பினால் பார்க்கவே வேண்டாம் என்பது மற்றொரு நம்பிக்கை. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். தூய நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியலாம். ஆனால் குளிரில் அழுத்தம் குறையும் விதி எல்லா வாயுக்களுக்கும் பொது. பச்சை மூடி போட்ட வால்வுக்கு அவ்விதியிலிருந்து விலக்கு இல்லை.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மிகை அளவே நிரப்ப வேண்டிய அளவு என்று எண்ணுவதும் தவறு. அது அந்த டயர் தாங்கும் எல்லை. நம் காருக்கு உரிய அளவு, பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்ட தாளில் இருக்கும். ஆள் நிறைந்த வண்டிக்குப் பல கார்களில் தனி அளவு, அதிலும் பின்சக்கரங்களுக்கு மிகுதியான அளவு, தரப்பட்டிருப்பதைக் காணலாம்.

மேடும் பள்ளமும் நிறைய இருக்கின்றன, தேயவே இல்லை. ஆகவே டயர் புதிது என்பது இன்னொரு மயக்கம். ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமை அடையும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓஸோனும் வெயிலும் அதை இறுகச் செய்து வெடிப்புகளை உண்டாக்குகின்றன. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் சேர்ந்த குறி ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டவேண்டும். பத்து ஆண்டு ஆனதை, பார்வைக்கு எப்படி இருந்தாலும், கழித்துவிட வேண்டும்.

ஐந்து நிமிட வேலை

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கார் ஓட்டுவோர் மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்னும் இவற்றைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, டயர் ஆறியிருக்கும்போது அளக்கவேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். விடியற்காலையே ஏற்ற நேரம்.

இரண்டாவது, கதவுத் தூணில் உள்ள அளவைப் பார்த்து, ஏறப்போகும் ஆட்களுக்கு ஏற்ற எண்ணைத் தேர்ந்து, நான்கு டயர்களையும் அழுத்தமானியால் அளக்கவேண்டும். ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகக் குறைந்திருந்தால் அதில் ஆணி இருக்கக்கூடும். ட்யூப் இல்லாத டயரில் குத்திய ஆணி ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு, நாள் கணக்கில் மெல்லக் கசியவிடும்.

மூன்றாவது, பள்ளங்களையும் பக்கச் சுவர்களையும் கண்ணால் பார்க்கவேண்டும். வெட்டு, வெடிப்பு, கட்டிபோன்ற வீக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குச் செல்லலாகாது. வீக்கம் என்றால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள்.

நான்காவது, ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உருவான உதிரிச் சக்கரத்தின் பெயர் அது. அங்கே அச்சொல் வழக்கொழிந்துவிட, நம் பஞ்சர் கடைகளிலே வாழ்கிறது. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் உதிரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. எனவே ஸ்டெப்னி நமக்குப் புதிய எண்ணம் அன்று. ஆனால் இன்று பல கார்களில் ஸ்டெப்னி, காற்றில்லாமல் சாமான்களுக்கு அடியில் உறங்குகிறது. ஐந்தாவது டயரையும் அளப்பதே முழு அளவு.

இத்தனை செய்த பிறகும் டயர் வெடிக்க நேர்ந்தால், பிரேக்கை ஓங்கி மிதிக்கலாகாது. இரு கைகளாலும் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வண்டியை நேரே செலுத்தி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானே அடங்கிய பின் ஓரம் கட்டவேண்டும்.

வாடகைக் கார் ஓட்டுநரிடம் இவற்றைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்று நண்பர்கள் கூறுவதுண்டு. சென்ற குளிர்காலத்தில் நாங்கள் எழுவர் மதுராவுக்குப் புறப்பட்டபோது, வந்து நின்ற வண்டியை அளந்து பார்த்தேன். பின்சக்கரங்களில் ஒன்றில் 21, மற்றொன்றில் 23. கதவில் எழுதியிருந்தது 36. ஓட்டுநர் டயரைக் காலால் உதைத்துக் காட்டி, கல்போல் இருக்கிறது என்றார். பதினைந்து ஆண்டாக ஓட்டுகிறேன் என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. அழுத்தமானியை அவர் கையிலேயே கொடுத்து அவரையே அளக்கச் சொன்னேன். எண்ணைப் பார்த்த பிறகு அவர் பேசவில்லை. நேரே பெட்ரோல் பங்குக்கு ஓட்டினார். நிரப்ப ஏழு நிமிடம் ஆயிற்று. போய் வந்தோம், வழியில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடவாதிருப்பதற்காகத்தானே இவ்வளவும்! பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். கேட்டுப் பெறுவது நம் உரிமை. மரியாதையோடு கேட்டால் மறுப்பவர் அரியர்.

ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். நான்கு கார்டுகளில் ஒன்று கெட்டால் மூன்று மிஞ்சும் என்ற ஆறுதலும் அவர்களுக்கு இல்லை. அவர்களிடம் இருப்பவை இரண்டே.

முடிவாக, நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல அழுத்தமானி ஒன்றைச் சில நூறு ரூபாயில் வாங்கிவிடலாம். அதை வாங்கிச் சங்க அறையில் வைத்து, பயணம் புறப்படும் ஒவ்வொரு குழுவும் எடுத்துச் சென்று அளந்து, திருப்பி வைக்குமாறு வழக்கப்படுத்துங்கள். பொங்கல் விழாவுக்குக் கரும்பு வாங்க ஆஜாத்பூர் மண்டிக்குப் போகும் வண்டியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.